மகளா, மகனா: கல்லறைத் தோட்டத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கும், பிழைப்புக்காகச் சென்னை, மும்பை, வளைகுடா என்று போயிருந்தும் சங்கக் காணிக்கையை மறக்காத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

சென்ற ஆண்டு அசன பண்டிகைக்கு மறுநாள் கூடிய கூட்டத்தில் எங்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்தீர்கள். உடைமரமும் வேலிக்கருவையும் மண்டிய பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது. இடிந்த தெற்குச் சுவரை எடுத்துக் கட்டுவது. எந்தக் கல் யாருடையது என்று எழுதிவைப்பது. முதல் இரண்டும் பொங்கலுக்கு முன்பே முடிந்தன. மூன்றாவது எங்களைப் படாத பாடு படுத்திவிட்டது. ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். சுவரைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நன்றாகவே நிற்கிறது.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெருஞ்செலவு சுவருக்கு; அடுத்தது மணல் அள்ளிய கூலி. கல் படித்ததற்கு ஆன செலவு டார்ச் லைட் பேட்டரியும் சுக்குக் காப்பியும் மட்டுமே. காப்பி கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறோம்.

நாசரேத்துக்கும் திசையன்விளைக்கும் இடையே கிடக்கும் இந்தத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் எழும் செம்மணல் மேற்கு வரிசைக் கற்களைக் கழுத்தளவுக்கு மூடியிருந்தது. முதல் நாள் அவசரப்பட்டு மண் அள்ளும் இயந்திரத்தை உள்ளே விட்டோம். அரை மணி நேரத்தில் ஒரு தலைக்கல் இரண்டாக உடைந்தது. தவறு முழுவதும் எங்களுடையது. அந்த வீட்டாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இரண்டு துண்டுகளையும் சேர்த்து மணற்படுக்கையில் கிடத்தியிருக்கிறோம். அதற்குப் பிறகு மண்வெட்டியும், கல்லுக்குப் பக்கத்தில் வெறுங்கையும்தான்.

கல்லைக் கழுவ ஆசிட், பிளீச்சிங் பவுடர், இரும்புப் பிரஷ் எதையும் தொடவில்லை. நல்ல தண்ணீர், மெல்லிய பிரஷ், பொறுமை. செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டிய பழைய மேடைகளுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்புக்கட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையையே பூசினோம். சிமெண்ட் பூசியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் பழைய காரைமேல் சிமெண்டைப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும். சில மழைக்குள் பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். வடக்கு வரிசையில் அப்படி விழுந்தவை மூன்று கிடக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். ‘எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கிரானைட் பதித்துவிடலாமே’ என்ற யோசனையையும் நாங்கள் ஏற்கவில்லை. அதைச் சொன்ன அண்ணாச்சிக்கு எங்கள்மேல் இன்னும் வருத்தம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

தோட்டத்தில் கற்கள் 163. எழுத்து உள்ளவை 118. ஐயமில்லாமல் படிக்க முடிந்தவை 91.

உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது, தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து அது எழுந்து நிற்கும். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் பக்கவாட்டாகப் பிடித்தாலும் அப்படியே. கல்வெட்டுத் துறையினர் எடுப்பதுபோல கல்லின்மேல் தாளை ஒட்டி மைப்படி எடுக்கலாமா என்று யோசித்தோம். மணற்பதம் கண்டு உதிரும் கல்லில் ஈரத்தாளை வைத்து அடிக்க மனம் வரவில்லை. புகைப்படத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

எழுத்து தெரிந்தால் போதாது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பழைய ‘னை’, ‘லை’, ‘றா’, ‘ணா’ வடிவங்கள் பழக்கமில்லை. கொத்தர்கள் பல கற்களில் புள்ளியே வைக்கவில்லை. எண்களோ தமிழ் எண்கள். ௲௮௱௭௰௭ என்று வெட்டியிருந்ததை நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ‘சூ, அ, ள, எ, ய, எ’ என்று எழுத்துக்கூட்டி, ஏதோ பட்டப்பெயராக்கும் என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். அது 1877. அவர்களைக் கேலி செய்யும் உரிமை எங்களுக்கு இல்லை. குழுவில் அறுபதைக் கடந்த நால்வரில் ஒருவருக்குத்தான் ௱ என்றால் நூறு என்று தெரிந்திருந்தது.

மேற்கு மூலைக் கல்லின் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். அதில் ஆண்டு ௲௫௰௨. பல ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிவைத்த நோட்டில், நடுவே ௮௱ விழுந்துபோயிருக்கும் என்று ஊகித்து 1852 என்று குறித்திருக்கிறார். அந்த வீட்டார் வம்சாவளியை அப்படியே எழுதிச் சட்டம் போட்டும் மாட்டிவிட்டார்கள். ஆனால் கல்லுக்குரியவரின் கடைசி மகனுக்குக் குழந்தை ஞானஸ்நானம் 1870 என்று சபைப் பதிவேடு சொல்கிறது. தகப்பன் இறந்து பதினெட்டு ஆண்டு கழித்து மகன் பிறந்தான் என்றாகிறது. எங்களில் ஒருவர் இதை அந்த வீட்டுத் திண்ணையிலேயே வாய்விட்டுச் சொல்ல, பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மணலை இன்னும் ஒன்றரை அடி தோண்டியபோது அடுத்த வரி வெளியே வந்தது: ‘தாது ௵ தை ௴’, அதாவது தாது வருஷம் தை மாதம். கொத்தர் எதையும் விட்டுவிடவில்லை. ௲௫௰௨ என்பது 1052, கொல்லம் ஆண்டு. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825ஐயும் கூட்ட வேண்டும். 1052 தை என்றால் 1877 தொடக்கம். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. வருஷப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் தனியாக நம்ப முடியாது. 1936இலும் ஒரு தாது வந்தது. கொல்லம் கணக்கும் வருஷப் பெயரும் ஒரே தை மாதத்தில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. ஏழு வயது மகனை விட்டுவிட்டுத் தாது வருஷப் பஞ்சத்தில் போய்ச் சேர்ந்த தகப்பன் அவர்.

அந்தப் பஞ்ச காலத்துக்கு நம் அடக்கப் பதிவேட்டில் நாலரைப் பக்கம் நிரம்பியிருக்கிறது. காரணம் எழுதும் இடத்தில் ‘பேதி’, ‘பேதி’, ‘பேதி’. ஆனால் தோட்டத்தில் அந்த ஆண்டுக் கற்கள் இரண்டுதான். கல் நட ஆளும் இல்லை, காசும் இல்லை. கிழக்குச் சுவரோரம் எதையும் கட்டாமல் வெறும் மணலாக விட்டிருப்பது அதனால்தான். அங்கே பூஞ்செடி வைத்துத் தரும்படி மகளிர் ஐக்கியத்தார் கேட்டார்கள். தோண்டாமல் வைக்க முடிகிற செடியென்றால் சரி என்றோம்.

இனி, கிரானைட் வேண்டாம் என்றதன் காரணத்துக்கு வருகிறோம்.

நம் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பிள்ளைக்குப் பாட்டன் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. மாசிலாமணி மகன் ஞானமுத்து, அவர் மகன் மாசிலாமணி, அவர் மகன் மறுபடியும் ஞானமுத்து என்ற தினுசில் நூறு ஆண்டு ஓடியிருக்கிறது. ஆண்களின் கல்லில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் மட்டுமே இருக்கும். ஆண்டு தேய்ந்துவிட்டால் பாட்டனும் பேரனும் ஒருவரேதான், பிரிக்க வழியில்லை. இப்படி ஒரே வாசகமுள்ள நான்கு கற்களை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு லெந்து காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

முடிச்சை அவிழ்த்தவை பெண்களின் கற்கள். ஒரு பெண்ணின் கல்லில் ‘இன்ன ஊர் இன்னார் குமாரத்தி, இவ்வூர் இன்னார் பாரியாள்’ என்று இரண்டு வீடும் ஒரு ஊரும் சேர்ந்து வரும். ஒரே பெயருள்ள நான்கு பேரில் எவருக்கு முதலூரிலிருந்து பெண் எடுத்தார்கள், எவருக்குச் சாயர்புரத்திலிருந்து எடுத்தார்கள் என்பது அவர்களின் மனைவிமாரின் கற்களில் இருந்தது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உண்டாக்கிய முதலூருக்கும் நமக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்று பேச்சாகக் கேட்டிருக்கிறோம். இப்போது ஐந்து கற்கள் அதைச் சொல்கின்றன. ஐந்தும் பெண்களுடையவை.

வேறொரு பெண்ணின் கல்லில்தான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன், தேய்ந்த எழுத்துகளைக் கறுப்பு எனாமலில் புதுப்பிக்க ஒரு பெயிண்டரை அமர்த்தியிருக்கிறார்கள். அவர் மகள் என்பதை மகன் ஆக்கிவிட்டார். ள், ன் ஆகிவிட்டது, அவ்வளவுதான். பெயரும் ‘பாக்கியம்’ என்று இருபாலுக்கும் ஒத்துப்போகிறதாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இல்லாத ஒரு மகன் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தார். இருந்த ஒரு மகள் போய்விட்டார். அவர் வழியில் வந்த மூன்று வீட்டார், தங்களுக்கு இந்தத் தோட்டத்தில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலமும் கல்லறைத் திருநாளில் அடுத்த தெருவாரின் கல்லுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். சாய்வெளிச்சத்தில் பெயிண்டுக்கு அடியில் பழைய ‘ள’வின் கால் தெரிந்தது. பதிவேட்டில் அவருடைய விவாகமும் கிடைத்தது. கிரானைட் பதித்திருந்தால் அந்தக் கால் இருளுக்குள் போயிருக்கும். எனாமலை நாங்கள் சுரண்டவில்லை. கல்லும் சேர்ந்து உரிந்துவிடும். பக்கத்தில் சிறு பலகையொன்றில் ‘மகள் என்று வாசிக்கவும்’ என்று எழுதி நட்டிருக்கிறோம்.

இன்னொரு கல்லுக்குக் கீழே கல்லறையே இல்லை. மேடையின் அடித்தளமும் கிடையாது, வெறும் ஞாபகக்கல். ‘கண்டிச் சீமையில் மரித்த’ மகனுக்குத் தாயார் வைத்தது, ஆண்டு 1871. காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் பிடிக்கத் தொடங்கிய காலம் அது; தேயிலை பெருகியது பிறகுதான். அந்த வீட்டில் அவரைப் பற்றி வழங்கிவந்த கதை வேறு: கொழும்புக்கு ஓடிப்போனவர், காசும் அனுப்பவில்லை, கடுதாசியும் போடவில்லை. கல்லைக் காட்டியபோது அந்த வீட்டுச் சித்தி ஒருவர், ‘அப்படியென்றால் அந்தக் கிழவிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது’ என்றார்.

பாளையங்கோட்டையில் 1838இல் இறந்த மிஷனெரி ரேனியஸ் ஐயரையும், 1891இல் கொடைக்கானலில் இறந்து இடையன்குடிக் கோயிலுக்குள் அடக்கமான கால்டுவெல் அத்தியட்சரையும் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் 1905இலேயே தொகுத்தார். அதிலும் பெரும்பாலும் ஐரோப்பியர்தான். அவர்களுக்குக் கீழே ஓலைச்சிலுவையோடு நடந்த நம் உபதேசிமாருக்கும், பனையேறி விழுந்து செத்தவர்களுக்கும், பிள்ளைப்பேற்றில் போன பெண்களுக்கும் இந்தத் தோட்டத்தைத் தவிர வேறு ஏடு கிடையாது. குழு கொஞ்சம் சூடாகப் பேசுகிறது என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

எழுத்தே இல்லாத 45 கற்களில் 12ஐ அடையாளம் காட்டியவர்கள் ஊரின் வயதான பெண்கள். ‘இரண்டு பனைக்கு நடுவில், காலடியில் கள்ளி இருக்கும்’ என்றார் ஒரு அத்தை. பனைகள் வெட்டப்பட்டு வெகுநாள் ஆகிறது. தோண்டியபோது இரண்டு தூரும் அதே இடத்தில் இருந்தன. இவர்கள் சொன்னதைக் கல்லில் படித்ததோடு கலக்காமல், ‘வாய்மொழி’ என்று தனியே குறித்திருக்கிறோம். கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டிருந்த கல்லொன்றும் நம்முடையதுதான். குப்புறக் கிடந்ததால் எழுத்து புத்தம்புதிதாக இருந்தது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்; கிணற்றடிக்கு வேறு கல் போட்டாயிற்று.

படங்களும் வாசகங்களும் அடங்கிய தொகுதியின் ஒரு படி கோயில் இரும்புப் பெட்டியிலும், ஒரு படி சேகர அலுவலகத்திலும் இருக்கின்றன. ஐயத்துக்கிடமான 27 கற்களைக் கடைசியில் தனியாகச் சேர்த்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு இறப்பு எழுதியிருந்தால், கொல்லம் ஆண்டு போட்ட பத்திரம் பரணில் கிடந்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். குறிப்பாக, இந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் கல் அந்தந்த ஊர்த் தோட்டத்தில் இருக்கும். சம்பந்தி வீட்டுக்குப் போகிறபோது ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.

புதுக் கதவின் சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. எந்த நாளும் வரலாம். மாலை நாலரைக்கு மேல் வந்தால் எழுத்து தெரியும்.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டத் திருப்பணிக் குழுவினர்