முக்காலி செய்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலன்று நீ கொண்டுவந்து வைத்த முக்காலி திண்ணையில்தான் கிடக்கிறது. உன் அத்தை அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள். மூன்று கால் உள்ளது ஆடாது, ஆனால் கவனிக்காமல் செய்தால் சாயும். இது சாயவும் இல்லை.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று விட்டுவிட்டேன். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை மர வேலை என்று இருக்கிற நீ, உன்னை என்னவென்று போட்டுக்கொள்வது என்று கேட்டு, விசிட்டிங் கார்டு அடிக்க மூன்று மாதிரி அனுப்பியிருந்தாய். ஒன்றில் 'புரொபஷனல் உட்வொர்க்கர்', இன்னொன்றில் 'மரக் கைவினைஞர்', மூன்றாவதில் 'வார இறுதித் தச்சன்'. மூன்றாவதைப் பார்த்துவிட்டு உன் அத்தை, "மத்த நாள்ல யாராம்?" என்றாள். "ஹாபின்னு சொன்னா ஸ்டாம்ப் சேக்குற மாதிரி இருக்கு மாமா, ஆசாரின்னு சொன்னா அம்மா முகம் சுளிக்கிறாங்க, புரொபஷனல்னு போட எனக்கே கூச்சமா இருக்கு" என்றாய். என் தங்கச்சி முகம் சுளித்த கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சர்க்கார் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். முப்பது வருடம் ஃபைல் பார்த்தவனுக்கு வேறு எங்கே கை போகும்? உலகத்தில் உள்ள வேலைகளை எல்லாம் எண் போட்டு அடுக்கி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. 2008இல் திருத்தியது. அதை ஒட்டி நம் நாட்டுக்கென்று 2015இல் ஒன்று வந்தது. அதில் 2ஆம் பிரிவுதான் புரொபஷனல்கள். டாக்டர், வக்கீல், கட்டடத்துக்குப் படம் போடும் ஆர்க்கிடெக்ட் எல்லாம் அங்கே. கைத்தொழில்காரர்கள் 7ஆம் பிரிவு. வாசக்கால் செய்கிற தச்சருக்கு 7115. நாற்காலி, பீரோ செய்கிறவருக்கு 7522. மரத்தில் கைவேலைப்பாடு செய்கிறவருக்கு 7317. கதவின் படத்தைப் போட்டவர் 2இல் இருப்பார், கதவைச் செய்தவர் 7இல் இருப்பார். 2ஆம் பிரிவுக்குத் திறன் நிலை நான்கு, அதுதான் உச்சம்; 7ஆம் பிரிவுக்கு இரண்டு. எத்தனை வருடம் பள்ளி, கல்லூரியில் உட்கார்ந்தாய் என்பதற்கு அந்த அளவில் பெரிய இடம் உண்டு. பதினான்கு வயதில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஐந்து வருடம் மரம் சீவும் இழைப்புளி மட்டும் தள்ளி, பத்தாவது வருடம்தான் வாசல் நிலைக்குக் கோடு போட அனுமதி வாங்கியவரின் படிப்பை அது எங்கே எழுதும்?

உனக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. ஹாபி என்பது வேலை இல்லையே!

எங்கள் வீட்டுக்கு வேலை செய்த ஆசாரியை உனக்குத் தெரியும். ஒத்தக்கடைப் பக்கம் வீடு. பதினோரு வருடமாக அவர் என் போனில் 'ஆசாரி கதவு' என்றுதான் இருக்கிறார். இந்தக் கடிதத்துக்காக எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. டாக்டர், வக்கீல் எல்லாம் பெயரோடு இருக்கிறார்கள். எலெக்ட்ரீசியன், பிளம்பர், ஆசாரி மூவருக்கும் பெயர் இல்லை. இன்னொன்றும் பார். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், ஆசாரிக்குக் கூலி கொடுக்கிறோம். மூன்றும் ஒரே ரூபாய் நோட்டுதான்.

சரி, உன் அம்மா விஷயம். அவள் முகம் சுளித்தது உளியைப் பார்த்து இல்லை, சொல்லைக் கேட்டு. நம் ஊரில் ஆசாரி என்பது பாதி தொழில் பெயர், பாதி சாதிப் பெயர். தச்சாசாரி வீட்டில் பிறந்து பேங்கில் கேஷியராக இருப்பவரையும் ஊரில் ஆசாரி என்பார்கள். வேறு வீட்டில் பிறந்து நாற்பது வருடம் மரம் இழைத்தவரை 'கார்ப்பென்டர்' என்பார்கள். கவனித்துப் பார், மதுரையில் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இருக்கும் உபயோகமே அதுதான்: பிறப்பைச் சொல்லாமல் கையைச் சொல்வது. இப்போது ஃபிளாட்டுகளுக்குப் பிளைவுட் வேலை செய்ய ராஜஸ்தான், பீகார் பக்கமிருந்து வந்திருக்கும் பையன்களுக்கும் அந்தப் பெயர்தான். ஹாபியா, டிரேடா, புரொபஷனா என்று மூன்று பெட்டி வைத்து இங்கிலீஷில் சண்டை போடுகிறார்களே, அதில் சாதி என்கிற இந்த நாலாவது பெட்டி இல்லை. நமக்கு அதுதான் முதல் பெட்டி.

இது சும்மா திண்ணைப் பேச்சும் இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்ததே, அதில் 18 தொழில்கள், முதலில் நிற்பது தச்சு. கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். ஆனால் குடும்ப வழியாகச் செய்துவரும் தொழிலாக இருக்க வேண்டும் என்றது. பதினெட்டு வயதுப் பிள்ளையைக் குலத்தொழிலுக்குள் தள்ளிவிடும் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. பதிலுக்கு 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது, 35 வயது ஆனவர்களுக்கு, குடும்பம் பார்க்காமல். இரண்டில் எது சரி என்று உன் தாத்தா இருந்தால் ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார். தச்சனை அடையாளம் காட்டுவது வீடா, கையா என்பதில் இரண்டு சர்க்காருக்கே தகராறு என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி கதவுக்கு வருகிறேன். எனக்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வாசல் கதவு நாட்டுத்தேக்கு. கட்டிய அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடித்து, கதவு இறுகிப் போனது. தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. ஆசாரிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் வந்தார். கதவை இரண்டு முறை ஆட்டினார். மேல் விளிம்பில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தார். எங்கே பிடிக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். இழைப்புளி பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

"மழை விடட்டும் சார். இப்ப இழைச்சா பங்குனியில சந்து தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுக்கிறேன், செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அவர் அசையவில்லை. தை மாதம் அவராக வந்தார். நான் கூப்பிடவில்லை. பென்சில் கோட்டைத் தேடிப் பிடித்து, மூன்றே இழுப்பு. சுருள் சுருளாக மெல்லிசாக விழுந்தது, எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்தாயிற்று, கதவு இறுகவில்லை, சித்திரை வெயிலில் சந்தும் தெரியவில்லை. அந்த மூன்று இழுப்புக்குக் காசு கேட்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் ஈரத்துக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். இதை நீ வீடியோவில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாய், எனக்கே சொல்லிக் கொடுத்தாய். ஆனாலும் உன் முதல் அலமாரிக் கதவில் என்ன செய்தாய்? சட்டத்தில் பலகை நிற்க வெட்டிய பள்ளம் இருக்கிறதே, அந்தக் காடிக்குள் பலகையை வைத்து, சுற்றிலும் பசை தடவி இறுக்கிவிட்டாய். பலகை காடிக்குள் சும்மா நிற்க வேண்டும், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஏப்ரல் மாதம் நடுவில் பிளந்தது. நீ சிரித்துக்கொண்டே படம் அனுப்பினாய். அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பலகை வாங்கி வந்து மறுபடி செய்தாய். இரண்டாவது பிரமாதமாக வந்தது. அதில் சந்தேகமே இல்லை.

ஆசாரியால் அப்படிச் சிரிக்க முடியாது மாப்பிள்ளை. தேக்கு கன அடிக்கு என்ன விலை என்று உனக்கே தெரியும். பலகை வீட்டுக்காரருடையது. தப்பாக அறுத்தால் அன்றைய கூலி போகும், அந்தத் தெருவே போகும். அதனால்தான் ஒரே கோட்டை மூன்று தரம் அளக்கிறார். உன் கை சுத்தம் அவர் கை சுத்தத்துக்குக் குறைந்ததில்லை, சில இடத்தில் மேல் என்றுகூடச் சொல்வேன். வித்தியாசம் கையில் இல்லை. நீ மரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறாய். அவர் மரத்துக்கும் சொல்லி, வீட்டுக்காரருக்கும் சொல்லி, கிரகப்பிரவேசத் தேதிக்கும் சொல்ல வேண்டும்.

புரொபஷனல் என்று கார்டில் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சமையலறை அலமாரியை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். ஷூ போட்ட பையன் வந்து லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் காட்டினான், உன் அத்தை மயங்கிவிட்டாள். பத்து வருட வாரண்டி. இரண்டாவது வருடமே சிங்குக்குக் கீழே இருந்த பலகை பொதபொதவென்று ஊதி, அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக விட்டுவிட்டது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. போன் செய்தால், தண்ணீர் பட்டதால் வாரண்டியில் வராது என்றார்கள். சிங்குக்குக் கீழே தண்ணீர் படாமல் வேறென்ன படும்? அப்புறம் ஒரு நாள் அந்த நம்பரே அடிக்கவில்லை. கடைசியில் ஆசாரிதான் வந்து அழுகியதை அறுத்தெறிந்துவிட்டு, அடியில் கடப்பைக் கல் துண்டு வைத்து, மேலே வேப்பம்பலகை போட்டுக் கொடுத்தார்.

ஹாபி என்பதைக் கேவலமாக நினைக்கிறாய், அதுவும் தப்பு. அதே ஆசாரி வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போயிருந்தேன். பத்து மணி நேரம் யாருக்கோ ஜன்னல் சட்டம் அடித்துவிட்டு வந்த மனுஷன், குண்டு பல்புக்குக் கீழே உட்கார்ந்து பூவரசங்கட்டையில் பல்லாங்குழி குடைந்துகொண்டிருந்தார். பேத்திக்காம். பதினாலு குழியும் ஒரே ஆழமா என்று ஒவ்வொன்றாகச் சோழியைப் போட்டு, விரலை விட்டுப் பார்த்தார். நாலாவது குழி சரியில்லை என்று திரும்பக் குடைந்தார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. "எத்தனை நாளா செய்றீங்க?" என்றேன். "ஆடியில எடுத்தேன்" என்றார். அப்போது கார்த்திகை. அந்த நேரத்தில் அவரை எந்தப் பிரிவில் போடுவது? கூலி இல்லை, தேதி இல்லை, கேட்க ஆள் இல்லை. உன்னைப் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஔவையார் அதியமானைப் பற்றி எதிரிகளை எச்சரிக்கும் புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு, 87ஆவது. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்களிடம் இருக்கிறான் என்று சொல்கிறாள். அரசனுக்கு உவமை சொல்ல அவளுக்குத் தச்சன் செய்த சக்கரம் தேவைப்பட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு. நாளைக்கு எட்டுத் தேர் என்பது பிழைப்பு. மாதம் ஒரு சக்கரம் என்பது உன் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பல்லாங்குழி. இரண்டும் ஒரே ஆள். அவனுக்கு அவள் வைத்த பெயரும் ஒன்றுதான். எட்டுத் தேரின் பழக்கம் இல்லாத கையில் அந்தச் சக்கரம் வந்திருக்குமா என்றும் யோசிக்கிறேன். சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் அத்தை அம்மனைப் பார் என்பாள்.

கார்டில் 'மர வேலை' என்று போடு. மேலே உன் பெயர், கீழே போன் நம்பர். அடுத்தவர் வீட்டுக்குச் செய்து காசு வாங்குவதாக இருந்தால் மட்டும் அடி. வாங்கினால் ஐப்பசியில் போன் வரும், ஆபீஸ் மீட்டிங் இருந்தாலும் போக வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் கார்டு வேண்டாம், முக்காலியாகச் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடு, அதில் ஒரு குறையும் இல்லை. 'ஆசாரி' என்று மட்டும் போடாதே. உன் அம்மா சுளிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லோடு வரும் ஏச்சை எல்லாம் ஆசாரி வீட்டில் பிறந்தவர்கள் வாங்கியிருக்கிறார்கள், அதன் அழகை மட்டும் நீ எடுத்துக்கொள்வது நன்றாக இருக்காது.

என் போனில் அவர் பெயரை மாற்றிவிட்டேன். பெயர் என்ன என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, பதினோரு வருடம் கழித்துக் கேட்டால் யாருக்குத்தான் இருக்காது? கேட்டபோது அவர் சிரித்தார்.

அன்றைக்கு உன் முக்காலியையும் பார்த்தார். உட்காரவில்லை. தலைகீழாகத் திருப்பி, காலின் முனையில் செதுக்கிய கழுந்து பலகைக்குள் இறங்கிய இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். மூன்று காலையும் பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்றார். என் மருமகன், கம்ப்யூட்டர் வேலை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒரு கால்ல ரேகை குறுக்க ஓடுது, கனமான ஆள் உக்காந்தா ஒருநாள் ஒடியும்" என்றார். எந்தக் கால் என்று பென்சிலால் குறி போட்டிருக்கிறார், வந்து பார்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார். இழைப்புளியைக் கொண்டு வர வேண்டுமாம், அலகைத் தீட்டாமல். நீ எப்படித் தீட்டுகிறாய் என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
மாமா