பாவநாசம் படித்துறையில் துணியை விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, அறுபது வயதைத் தாண்டியவள் நான். தாமிரபரணியில் குளிக்காத நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம். போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தம்பி பாவநாசம் போனான். நானும் கூடப் போனேன். படித்துறையில் இறங்கி மூன்றாவது படியில் கால் வைத்ததும் ஏதோ கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. தண்ணீர்ப் பாம்போ என்று பதறிப்போய்க் கையை விட்டு இழுத்தால், பாலியஸ்டர் சேலை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மடிப்புக்குள் சேறு, இரண்டு ஷாம்பு பாக்கெட், செத்துப்போன ஒரு மீன்குஞ்சு. கோயில் மீன் என்று கும்பிட்டுப் பொரி போடுகிறோமே, அதன் குஞ்சு. கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

எங்கள் ஆச்சி எங்களை ஆற்றில் சட்டென்று காலை வைக்க விடமாட்டாள். முதலில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் கால். "அம்மா மேல மிதிக்கப் போறோம்லா, கேட்டுக்கிட்டு எறங்கு" என்பாள். தண்ணீருக்குள் எச்சில் துப்பினால் முதுகில் ஓர் அடி விழும். குளிக்கும்போது சொல்லும் மந்திரத்தில் கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளை அழைக்கிறார்கள். அதில் நம் ஆற்றின் பெயர் இல்லை. ஆச்சிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்த ஏழு பேரையும் கூப்பிடுவது இந்தத் தண்ணீருக்குள்தானே என்பாள்.

தாத்தாவின் கடைசி நேரத்தில் பூஜை அலமாரியில் இருந்த காசிச் சொம்பைத் திறந்தார்கள். ஈயம் பற்றவைத்த மூடி. எப்போது கசிந்ததோ, உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்பா செம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். ஈர வேட்டியோடு திரும்பி வந்து, துளசியைக் கிள்ளிப் போட்டு, "கங்கைதான்ப்பா, குடிங்க" என்று மூன்று உத்தரணி வாயில் விட்டார். அதைப் பொய் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

பரிகாரத்துக்கு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கஷ்டம் இல்லாமல் யாரும் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவதில்லை. ஆனால் குளித்த துணியை ஆற்றோடு விட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நான் சின்னவளாக இருந்தபோது இதைப் பார்த்ததே இல்லை. உரோமச முனிவர் இந்த ஆற்றில் விட்டது ஒன்பது பூக்கள். அவை கரை ஒதுங்கிய இடங்கள்தான் பாவநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரைக்கும் உள்ள நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்கள் என்கிறது தலபுராணம். அந்தப் பூக்கள் போன வழியில் இன்று பேண்டும் நைட்டியும் போகின்றன.

பருத்தி வேட்டியாவது நாள்பட மக்கிவிடும். பாலியஸ்டர் மக்காது. மணலில் புதையும், பாறையில் சிக்கும், மதகில் போய் அடைக்கும். பூங்குளத்தில் பிறந்து பொதிகைக் காட்டுக்குள்ளேயே ஓடிவரும் ஆறு, மலையை விட்டு இறங்கும் இடம் நம் பாவநாசம். இதற்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று கால்வாய் கால்வாயாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் கொடுக்கிறது. நம் பாவம் போக வேண்டும் என்று விட்ட துணி ஊறிய தண்ணீரைக் கீழே ஏதோ ஒரு வீட்டில் பிள்ளை குடிக்கிறது. அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது?

படித்துறையில் தர்ப்பணம் செய்துவைக்கும் பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். அதிகாரிகள் வைக்கும் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை; நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லும்போது, "துணியை ஆற்றில் விடாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

வருகிற ஆடி அமாவாசைக்கு நானும் என் மருமகளும் விடியற்காலையிலேயே சாக்கோடு படியில் நிற்போம். ஆற்றில் போட நினைத்ததை எங்களிடம் கொடுங்கள். துவைத்து, மிதியடி தைக்கக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வாசகி,
விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம்