பையன் காய் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாயே

அன்பு மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அவள் சிரிப்பதை நீ பார்க்கணும்.

பையன் காயைத் தொடுவதே இல்லை, உன் வளர்ப்புதான் சரியில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை புதிதாக எதைத் தட்டில் வைத்தாலும் பயப்படுகிற குழந்தைகள்தான் அதிகம். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். அவள் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பீன்ஸ் துண்டை வைத்துவிட்டு நான் வாயே திறக்க மாட்டேன். முதலில் விரலால் தள்ளிவிட்டாள், பிறகு எடுத்து மோந்து பார்த்தாள், ஒருநாள் கடித்துவிட்டு என் உள்ளங்கையிலேயே துப்பினாள். கடைசியில் அவள் முதன்முதலாக முழுதாகத் தின்ற துண்டு அவள் அப்பா தட்டிலிருந்து எடுத்தது. அதுவரை அவரும் பீன்ஸை ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தார்! இவள் பார்க்கிறாள், இனி ஒதுக்காதீர்கள் என்று நான் சண்டை போட்ட பிறகுதான் மாறினார். ஆகவே வீட்டில் மற்றவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்.

"காயைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று மட்டும் சொல்லாதே. லீயான் பிர்ச் என்ற உளவியலாளர் 1980-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார், பரிசாகக் கொடுத்ததன் மேல் ஆசை கூடுகிறது, பரிசுக்காகத் தின்றதன் மேல் இருந்த விருப்பமும் குறைகிறது.

அப்புறம், எனக்கு நெடுநாளாக மனதில் கிடந்த ஒன்று. நாங்கள் ஒதுக்கிய காயை அம்மா மறுபடி வாங்கவே மாட்டார். அது அக்கறைக் குறைவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர் 2016-இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்: ஒரு சுவை பழக 8 முதல் 15 தடவை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், வருமானம் குறைந்த வீட்டில் அத்தனை தடவை குப்பையில் கொட்ட முடியாது, அதனால் பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடுவதையே வாங்குகிறார்கள். பிள்ளை பசியோடு படுக்கக் கூடாது என்று கணக்குப் பார்த்த அம்மாவை இத்தனை வருஷம் தப்பாக நினைத்துவிட்டேன், மீனா. போன வாரம் போனில் அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "உனக்கு அப்பவும் பசி தாங்காது" என்றார்.

உனக்கும் இப்போது கை இறுக்கமாக இருக்கிறது என்று தெரியும். அவனுக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதிலிருந்தே ஒரு துண்டு போதும், அவன் தொடவில்லை என்றால் நீயே எடுத்துச் சாப்பிட்டுவிடு. லீவு விட்டதும் அவனை அழைத்துக்கொண்டு வா, என் மகள் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்போம்.

உன்
வசந்தி