திடல் மேடாக்கும் திருப்பணி: இன்னும் 3,53,500 ரூபாய் வேண்டும்

மாரியம்மன் துணை.

உள்ளூரிலும் வெளியூரிலும் கடல் கடந்தும் இருக்கும் நம் ஊர் மக்களுக்கு நாட்டார் பஞ்சாயத்தும் திடல் கமிட்டியும் எழுதிக்கொள்வது.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். புயல் வெள்ளத்தில் ஊர் ஒதுங்குவதற்காகத் திடலில் கிராவல் மண் கொட்டி மேடாக்குகிறோம். ஐப்பசி பிறந்தால் வண்டி விடமாட்டேன் என்று கிராவல் லாரிக்காரர் சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. மழை விழுந்தால் நம் பாதையில் டயர் புதைந்துவிடும். கையில் இருப்பது நான்கு வாரம்.

நம் ஊர் லேசுப்பட்ட ஊர் இல்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் இன்றைக்கும் நம் பிச்சாவரம் காட்டில்தான் நிற்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது தர்காவிலேயே பெருமாளுக்கு வரவேற்பு நடக்கும். இப்படி ஒரு சீர் வேறு எந்த ஊரில் உண்டு? பூமியையே கடலிலிருந்து தூக்கி நிறுத்திய சாமி அவர். நாம் தூக்கப் போவது 20 சென்ட் திடலை, அதுவும் 4 அடி. இதையும் திருப்பணி என்றுதான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாகச் சொன்னதால் அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஏன் மேடு என்று சிலர் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியை யாரும் மறக்கவில்லை. எம்.ஜி.ஆர். திட்டு இருந்த இடத்தில் ஊரே இல்லாமல் போனது. அதன் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் இந்தக் கரையில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, எங்கே சாவு அதிகம், எங்கே குறைவு, ஏன் என்று கணக்குப் பார்த்து 2005ல் வெளியிட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், நடுவில் எவ்வளவு காடு, இந்த மூன்றும்தான் ஊரைக் காத்தது என்றார்கள். மரத்தைவிட மேடும் தூரமும்தான் பெரிது என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் அப்புறம் மறுப்பு எழுதினார்கள். அந்தச் சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும். சுரபுன்னைக் காட்டை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் மேடு வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் மறுபேச்சே இல்லை.

நம்மிடம் மேடு இருக்கிறதா? 2015 நவம்பர் வெள்ளத்தில் எல்லோரும் சமுதாயக் கூடத்துக்குத்தான் ஓடினோம். அங்கேயும் முழங்காலுக்குத் தண்ணீர். அடுப்பை பெஞ்ச் மேல் ஏற்றிச் சோறு வடித்தோம். போன தையில் என்எஸ்எஸ் முகாமுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் தெருத் தெருவாக மட்டம் பார்த்தார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டதற்கு, கீழத்தெரு ஆயா ஒருவர் கூடத்துச் சுவரில் கையை வைத்துக் காட்டினார். அங்கே சிவப்புக் கோடு போட்டார்கள், இப்போதும் இருக்கிறது. ரோட்டைவிடக் கூடத்தின் தரை 7 அங்குலம் பள்ளம். ஆபத்துக்கு ஓடும் இடமே ஊரின் பள்ளம் என்பதை வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

திடலுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த பேராசிரியர் ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கவில்லை. முக்கால் அடிக்கு ஓர் அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் மாணவர்கள் கைவேலைக்கு வருகிறார்கள். பரீட்சை வந்தால் அவர்களும் வர முடியாது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: இந்தத் திடல் புயல் மழைக்கும் வெள்ளத்துக்கும்தான். சுனாமி என்றால் மேற்கே ஓடத்தான் வேண்டும்.

செலவு: கிராவல் 140 லோடு, லோடு 4,500 வீதம் 6,30,000 ரூபாய். தடுப்புச் சுவர் 3,20,000. படியும் சாய்தளமும் 85,000. குடிநீர்த் தொட்டி, ஜெனரேட்டர் 1,05,000. ஆக 11,40,000. இதுவரை வந்தது 7,86,500.

கொடுத்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 22 பேர் ஓவர்டைம் காசைச் சேர்த்து 2,20,000 அனுப்பினார்கள். மீன் கூடை சுமக்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் 41,000 கொடுத்தன. அதில் பாதி பத்து ரூபாய் நோட்டு, எண்ணி முடிக்க இரவு ஒன்பது ஆனது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா 50,000 கொடுத்துவிட்டு, பெயர் போடாதே என்றார், போடவில்லை. பரங்கிப்பேட்டை ஜவுளிக்கடை பாய் உள்பட வெளியூர் அன்பர்கள் தந்தது 93,000. தலைக்கட்டு வரி 2,500 வீதம் 153 குடும்பங்கள் கட்டிவிட்டன. இவர்கள் குலம் தழைக்க அம்மன் அருள் புரியட்டும்.

214 தலைக்கட்டில் மீதி 61. பெயர் எழுதிக் கோவில் வாசலில் தொங்கவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று தடுத்திருக்கிறோம், இப்போதைக்கு. ஆடித் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரே ராத்திரியில் 1,80,000 சேர்ந்ததை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். தொழில் இல்லாமல் கஷ்டப்படுகிறவர்கள் தவணையில் கட்டலாம், அல்லது நான்கு நாள் ஆள்வேலைக்கு வரலாம்.

அந்த 61 பேரும் கட்டினால் 1,52,500. மீதி 2,01,000 வெளியூர் உறவுகளையும் நல்ல மனம் உள்ளவர்களையும் நம்பித்தான். ஒரு லோடு மண்ணாவது உங்கள் பெயரில் விழட்டும்.

கணக்கு எண்ணும் க்யூஆர் அட்டையும் கோவில் அலுவலகத்தில் பொருளாளரிடம் கிடைக்கும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் மாலை 5 மணிக்குக் கூடத்தில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
திடல் கமிட்டியார்