ஓட்டமில்லாத தண்ணீருக்கு ஒரு ஃப்ளை

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். மண்புழுவே இல்லாமல் இங்கே எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பல ஏரிகளில் உயிர் இரைக்கு அனுமதி கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் கட்டிய ஃப்ளைதான். அதில் ஸ்ட்ரீமர் என்பது குஞ்சுமீன், அட்டைப்பூச்சி மாதிரித் தெரிவது. ஆற்றில் நீரோட்டமே அதை ஆட்டிவிடும். ஏரியில் ஃப்ளை தானாக அசைய வேண்டும். அதற்காகத்தான் தலையில் எடை.

அப்படி ஒரு ஸ்ட்ரீமரைக் கட்டும் விதம் சொல்கிறேன். நீளத்தண்டுத் தூண்டில் முள், 10-ம் நம்பர் எடுத்துக்கொள். நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, நுனி வழியாக 3.2 மி.மீ. பித்தளை மணியைக் கோர். சிறிய துளை முள்ளின் கண்ணை, அதாவது லைன் கட்டும் வளையத்தைப் பார்த்திருக்கட்டும். மாற்றிக் கோர்த்தால் மணி கண்ணில் ஏறிக்கொள்ளும். அரை மி.மீ. ஈயமில்லாக் கம்பியை 8 சுற்று சுற்றி, மணியின் பெரிய துளைக்குள் முட்டத் தள்ளு. மணி ஆடாது. சிலர் கம்பியை வளைவு வரை சுற்றுகிறார்கள், அது வீண். எடை முன்னால் மட்டும் இருந்தால்தான் இழுப்பை நிறுத்தியதும் தலை குப்புற இறங்கும். கம்பி முடியும் இடத்தில் நூலால் சரிவு கட்டு, இல்லாவிட்டால் உடம்புக்காக மேலே சுற்றும் ஷெனில் என்ற பொசுபொசு நூல் அந்தப் படியில் வழுக்கிவிடும். அம்மாவின் தையல் நூலை எடுக்காதே. அது தடிமன், உடம்பு ஊதிப்போகும்.

உயிர் இருப்பது வாலில். மாரபு என்ற மிருதுவான இறகு, முள்தண்டின் நீளத்துக்கு. அதற்கு மேல் நீண்டால் வீசும்போது வளைவில் சுற்றிக்கொள்ளும், மீனும் வால்நுனியைக் கவ்விவிட்டுப் போய்விடும். குறைக்கக் கத்தரி வேண்டாம், நகத்தால் கிள்ளு. வெட்டிய நுனி மொட்டையாக நிற்கும், அசையாது. காய்ந்த மாரபு பொசுபொசுவென்று ஏமாற்றும். கட்டுமுன் எச்சில் தொட்டு நீவிப் பார்; தீக்குச்சி கனத்துக்கு ஒடுங்கினால் போதும்.

வாலோடு சேர்த்து ஒரு மெல்லிய செம்புக் கம்பியையும் கட்டித் தொங்கவிடு. ஷெனிலை மணி வரை சுற்று. ஆனால் மணிக்குப் பின்னால் 2 மி.மீ. காலியாக விடு, கடைசி முடிச்சுக்கு இடம் வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஹேக்கிள் என்ற சேவல் கழுத்து இறகை அங்கே கட்டி, பின்னோக்கி 5 சுற்று. பிறகு செம்புக் கம்பியை எதிர்த்திசையில், இழைகள் அமுங்காதபடி இடவலமாக ஆட்டி ஆட்டி முன்னே கொண்டுவா. ட்ரவுட் மீனின் பல் ஹேக்கிளின் ஈர்க்கை அறுத்தாலும், குறுக்கே ஓடும் கம்பி மீதியை அவிழ விடாது. 5 சுற்று முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ்.

வீசியதும் இழுக்காதே. ஃப்ளை இறங்கட்டும், 10 வரை எண்ணு. அடுத்த வீச்சில் 15. முள்ளில் பாசி வந்தால் இரண்டு மூன்று எண் குறை. ஒரு சாண் இழு, நிறுத்து. ஃப்ளை இறங்கும்போதுதான் அதிகம் கவ்வும். கையில் தெரியாது, லைன் லேசாக நகர்வதைப் பார்த்துச் சுண்டு. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதே, அந்த மணி காதருகே வேகமாகப் போகும்.

அன்புடன்,
அண்ணன்