அரசு நடுநிலைப் பள்ளியில் உடற்தகுதிச் சோதனையை உண்மையாக நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: மாணவர் உடற்தகுதி மதிப்பீடு – மைதானத்தில் அளந்து நடத்தவும், கருவிகளும் உதவி ஆசிரியர்களும் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் உடற்தகுதி மதிப்பீட்டுத் தாளைக் குழுக் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். 600 மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், "நாங்க ஓடவே இல்லப்பா, கிளாஸ்லயே உட்காரவெச்சு எழுதிக்கிட்டாங்க" என்கிறாள். மற்ற பிள்ளைகளின் தாள்களையும் வாங்கிப் பார்த்தோம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் சோதனைக்கு வகுப்பு முழுவதற்கும் ஒரே எண். உயரம், எடை இரண்டும் போன வருடத்து அளவுகள். வளர்கிற வயதில் ஒரு வருடம் முழுக்க எந்தப் பிள்ளையும் வளராமல் இருந்திருக்குமா?

இதற்காக யார்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பகுதிநேரத்தில் பணிபுரிபவர். வாரத்தில் மூன்று அரைநாள்தான் வருகிறார். அந்த நேரத்திலும் பாதி வேறு பாடத்துக்குப் போய்விடுகிறது. அளவு நாடா இல்லை, ஸ்டாப் வாட்ச் இல்லை, மைதானமும் சிறியது. ஆனால் விவரத்தை மட்டும் குறித்த தேதிக்குள் ஏற்றியாக வேண்டும். அவர் என்ன செய்வார்?

மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வகுத்திருக்கும் சோதனைகள் நல்ல சோதனைகள். பெரிய செலவும் கிடையாது. 5 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உயரம், எடையோடு ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைச் சோதனையும், இரண்டு வட்டுகளை மாறி மாறிக் கையால் தட்டும் சோதனையும் போதும். 9 வயது முதல் 50 மீட்டர் ஓட்டம் வேகத்தைக் காட்டும். 600 மீட்டர் ஓட்டம் இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும். வயிற்றுத் தசைக்கு 30 விநாடியில் எத்தனை முறை பாதி எழுந்து படுக்க முடிகிறது என்று எண்ணுவார்கள். கை, தோளுக்குத் தண்டால். பெண் பிள்ளைகள் முழங்காலை ஊன்றி எடுக்கலாம். முதுகும் தொடையும் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்பதற்கு அந்த முன்னே குனியும் சோதனை.

இவற்றில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பையன் 50 மீட்டரில் யாரையும் முந்திவிடுவான். 600 மீட்டர் என்றால் பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். ஒல்லியாக இருக்கிற பிள்ளை திடமாக இருக்கும் என்பதும் இல்லை. உண்மையாக அளந்தால்தான் எந்தப் பிள்ளைக்கு எதில் பயிற்சி வேண்டும், யாரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் பெண் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கலாம். பொய்யாக எழுதிய நேரம் அதை மறைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு இந்த ஓட்டத்தில் வீடு திரும்புகிறார்கள். ஸ்டாப் வாட்சுக்கு முன்னால் அவர்கள் ஓடுவதே அன்றுதான் முதல் தடவை.

ஆகவே தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம். பள்ளி திறந்த பின் ஜூலையிலும், அப்புறம் ஜனவரியிலும் இந்தச் சோதனையை மைதானத்தில் நடத்த உத்தரவிட வேண்டும். இரண்டு தடவை அளந்தால் பிள்ளை தன் பழைய அளவைத் தாண்டியதா என்று பார்க்கலாம். அந்த நாட்களில் பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி இயக்குநரை உதவிக்கு அனுப்பி வையுங்கள். நாடா பிடிக்கவும் சுற்று எண்ணவும் பெற்றோர் நாங்கள் வருகிறோம். மைதானத்தின் சுற்றளவை ஒருமுறை சரியாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால், சிறிய மைதானத்திலும் 600 மீட்டர் ஓடலாம். 50 மீட்டர் நேர்ஓட்டத்துக்கு மட்டும் ஊராட்சி மைதானத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்.

முப்பது மீட்டர் நாடா, இரண்டு ஸ்டாப் வாட்ச், ஒரு பாய், எடை இயந்திரம் – இவற்றைப் பள்ளி நிதியில் வாங்க ஒப்புதல் தர வேண்டும். முன்னே குனியும் சோதனைக்கான மரப்பெட்டியை எங்கள் ஊர்த் தச்சரே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓட்டத்தை வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். வீசிங், இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு விலக்குத் தர வேண்டும். மாதவிலக்கு நாளில் இருக்கும் மாணவிகள் வேறொரு நாளில் செய்யட்டும். எடையை வகுப்பில் சத்தமாக வாசிக்கக் கூடாது. உயரம், எடையை வைத்துப் போடும் கணக்கைப் பெரியவர்களுக்கான அளவுகோலில் பார்க்காமல், பிள்ளையின் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். முடிவை ஒரு தாளில் எழுதி எங்களிடம் கொடுத்தால் போதும்.

நேரம் போதாமல் ஒரு சோதனை விட்டுப்போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட ஆசிரியர்களுக்கு அனுமதி தாருங்கள். காலிக் கட்டத்துக்காக யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்பதையும் அந்த உத்தரவிலேயே சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள்களின் நகல்கள் (மாணவர் பெயர் மறைக்கப்பட்டவை), பெற்றோர் கையொப்பத் தாள்.