பெருந்தன்மையாம்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பிரவுசர் கட்டுரையில், விளம்பரத்தில் பிழைக்கும் கூகுள் தன் குரோமிலேயே விளம்பரத் தடுப்பானுக்கு இடம் கொடுத்ததைப் ‘பெருந்தன்மை’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததா என்ன? 2008-இல் குரோம் வந்தபோது என்னைப் போன்றவர்கள் ஃபயர்ஃபாக்ஸை விட்டு நகராததற்குக் காரணமே அதிலிருந்த ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான்தான். 2010-இல் குரோமில் நீட்சிகளுக்கு, அதாவது பிரவுசரோடு நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களுக்கு, வழி திறந்தது, தடுப்பானும் கூடவே வந்துவிட்டது, நானும் அப்போதே குரோமுக்கு மூட்டை கட்டிவிட்டேன். கணக்கு அவ்வளவுதான் ஐயா. பேனர் விளம்பரத்தை நான் மறைத்தாலும் தேடுவது அவர்கள் தேடல் பெட்டியில்தானே? ஆப்பிளின் சஃபாரியில் தேடுபொறியாக உட்காருவதற்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் அழுதவர்களுக்கு, சொந்த பிரவுசருக்குத் தானாக வந்து சேரும் ஆள் நஷ்டமா? போதாததற்கு ஆட்பிளாக் பிளஸ்காரர்களுக்கே பணம் கொடுத்துத் தங்கள் விளம்பரங்களை, தடுக்காமல் விடும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். கைபேசி குரோமில் நீட்சியே கிடையாது. சந்தையைப் பிடித்த பிறகு நீட்சிகளுக்கு மேனிஃபெஸ்ட் வி3 என்று புது விதி வந்தது, யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் குரோமில் படுத்துவிட்டது. நல்ல பெருந்தன்மை!

தடுப்பான் போடுகிறவன் ஓசியில் படிக்க அலைபவன் என்றும் அதே கட்டுரை போகிற போக்கில் குத்துகிறது. என் அம்மா ஒரு தளத்தில் ‘டவுன்லோட்’ என்று பச்சையாக மின்னிய போலிப் பொத்தானை அமுக்கி, கணினியைச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. அன்றைக்குப் போட்டேன் தடுப்பானை. இதையெல்லாம் முன்பே ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன், தாங்கள் அதில் ஒன்றரை வரியைப் போட்டீர்கள், என் பெயரையும் தப்பாக. சரி, பழைய கதை.

தங்கள் இணையதளத்துக்கு மட்டும் நான் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன், பத்திரிகையும் பிழைக்க வேண்டுமே என்று. தங்கள் அகராதியில் அதற்கு என்ன பெயரோ. பதிலுக்குக் கிடைப்பது கட்டுரையை முழுக்க மூடும் ஒரு விளம்பரமும், விரலை வைத்தால் நழுவி ஓடும் ஒரு பெருக்கல் குறியும்.

அந்தக் குறியைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒரே இடத்தில் நிற்க வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்